முச்சந்திக்குப் பெயர் தெரியாது

காட்டூர், திருச்சி
22.7.1987

அன்புள்ள மீரானுக்கு,

நலம், நலமறிய ஆவல். இப்படி ஆரம்பித்தால் நீ சிரிப்பாய், ஆனாலும் கை பழகிவிட்டது. ஜஹானாராவும் குழந்தையும் சௌக்கியமா? போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பாலக்கரையில் உன் அம்மாவைப் பார்த்தேன். "அவனுக்கு பெங்களூர்க் குளிரு ஒத்துக்கிடுச்சாம். எங்களத்தான் ஒத்துக்கல போல" என்றார்கள். மரியாதையாக ஒரு கடிதம் போட்டுவிடு. இல்லையென்றால் அடுத்த ஞாயிறு நான் வேறு தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தேவிட்டது. கணக்கு வாத்தியார்தானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு பெரிய மெஷின், அதோடு இணைத்த எட்டு டெர்மினல், ஏ.சி. ரூம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று நானே போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். மாணவர்கள் மாதா கெபிக்குள் நுழைவது போல் நுழைகிறார்கள்.

எங்கள் பிரின்சிபால் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறார். வெளிநாட்டுக் கல்லூரிகளில் ஒருவர் தன் கருத்தைக் கம்ப்யூட்டரில் எழுதிவைப்பாராம். இன்னொருவர் வேறு நேரத்தில் வந்து அதற்குக் கீழே பதில் எழுதுவாராம். நேரில் பார்க்காமலேயே விவாதம் நடக்கும். "நம்ம காலேஜ்லயும் இது வேணும் இருதயநாதன்" என்று உத்தரவு.

என் முன்னால் இரண்டு புரோகிராம் இருக்கின்றன. ஒன்று மெஷினோடு டேப்பில் வந்தது. யார் எழுதினாலும் தலைப்பில் அவர் பெயர் தானாக விழும். மற்றது நீ எழுதியது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னாயே, 'முச்சந்தி' என்று, எழுதுபவன் பெயரைக் கேட்காதது. எனக்கு உன்னுடையதைப் போட ஆசை. பெயர் விழுந்தால் 'லைப்ரரி மிகவும் நன்றாக இருக்கிறது' என்பதைத் தவிர எவன் எதை எழுதுவான்? எல்லோருக்கும் பிராக்டிகல் மார்க் பயம். அதோடு என் சிநேகிதன் எழுதியது என்று நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம்.

உன் பிள்ளைக்குப் பரிந்து பேசாமல், எது சரி என்று சொல்.

அன்புடன்,
இருதயம்


பெங்களூர்
3.8.1987

இருதயம்,

ஸலாம். அம்மாவுக்கு எழுதிவிட்டேன். நீ பழைய தெருவிலேயே போகலாம்.

பரிந்து பேசாமல் சொல்வதென்றால், பெயர் விழும் புரோகிராமை எடுத்துக்கொள். வம்பு குறைவு. எவனாவது கெட்ட வார்த்தை எழுதினால் யாரைக் கூப்பிட்டுக் கண்டிப்பது என்று தெரியும். ஆனால் நீ கேட்பது விவாதம். அது வேண்டுமானால் என்னுடையதுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடு. மாணவன் எழுதியதை முச்சந்தி வாங்கி, தன் சொந்தப் பெயரில் ஒரே ஃபைலில் சேர்த்துவிடும். யார் கொடுத்தது என்பதை எங்கேயும் குறித்து வைக்காது. மணி வைக்காது, தேதி மட்டும். எந்த டெர்மினல் என்பதும் கிடையாது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். எவன் எழுதினான் என்று நாளைக்கு உன்னைக் கேட்டால், தெரியாது என்று நீ சொல்வது பொய்யாக இருக்காது. அதற்காகத்தான் அதை எழுதினேன்.

ஒரே ஒரு நிபந்தனை. என்றாவது ஒருநாள் வந்து நிச்சயமாகக் கேட்பார்கள். அன்றைக்கு நீ வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். உனக்கு அது வராது என்பது பாலக்கரைக்கே தெரியும். அதனால்தான் சொல்லிவைக்கிறேன்.

ஃப்ளாப்பியை அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். போஸ்ட்மேன் முத்திரை குத்தித் தொலைத்திருந்தால் எழுது, இன்னொன்று அனுப்புகிறேன்.

மீரான்


காட்டூர்
17.1.1988

அன்புள்ள மீரானுக்கு,

பொங்கல் முடிந்து கல்லூரி திறந்தாகிவிட்டது. முச்சந்தி ஓடுகிறது என்று சொன்னால் போதாது, பறக்கிறது! மத்தியானம் எட்டு டெர்மினலுக்கும் வரிசை நிற்கிறது.

இங்கே தமிழ் எழுத்து கிடையாதே, எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள். அது ஒரு தனிக் கூத்து. 'பழம்' என்று எழுத ஆளுக்கொரு வழி. ஒரு மாதம் படித்ததில் எனக்கு ஒரு வித்தை கைவந்துவிட்டது. எழுத்தைப் பார்த்தே எந்த ஊர், எந்த டிபார்ட்மென்ட் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். வீட்டில் லூர்துராணியிடம் சொன்னேன். "இதுக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்களா?" என்றாள்.

கேன்டீன் வடையில் ஆரம்பித்த பேச்சு இப்போது தேர்வு முறைவரை வந்துவிட்டது. கெமிஸ்ட்ரி லேபில் ரெங்கராஜ் என்று ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் இருக்கிறார். தற்காலிக வேலை, மூன்று வருஷமாக வருஷத்துக்கு வருஷம் நீட்டித்துக் கொடுக்கிறார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர், வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். மத்தியானச் சாப்பாட்டை என்னோடுதான் சாப்பிடுகிறார். "சார், இந்தக் காலேஜ்ல வாத்தியாரும் பையனும் சமமாப் பேசுறது இந்த ஒரு இடத்துலதான்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. அந்த வார்த்தை உனக்குச் சேர வேண்டியது, அனுப்பிவிட்டேன்.

நீ வாயை மூடச் சொன்னதற்கு இதுவரை அவசியம் வரவில்லை.

இருதயம்


காட்டூர்
28.4.1988

அன்புள்ள மீரான்,

சுருக்கமாக எழுதுகிறேன், பரீட்சை நேரம்.

ரெங்கராஜுக்கு ஜூனிலிருந்து வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முச்சந்தியில் அவர் ஒன்று எழுதியிருந்தார். கல்லூரி நிர்வாகக் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் தங்கை மகனுக்கு வருகைப் பதிவைத் திருத்தி ஹால் டிக்கெட் கொடுத்ததைப் பற்றி. பெயர் இல்லாமல்தான் எழுதினார். எப்படியோ தெரிந்துவிட்டது.

எப்படி என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். புரோகிராமில் எங்காவது ஓட்டை இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். உன் மேல் குறை சொல்வதாக நினைக்காதே. மெஷின் என்றால் ஆயிரம் இருக்கும்.

குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததாக உன் அம்மா சொன்னார்கள். இறங்கிவிட்டதா?

இருதயம்


பெங்களூர்
4.5.1988

இருதயம்,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு ஆபீசுக்கு வந்தது. அதன் பிறகு வேறு வேலை ஓடவில்லை.

கீழே உள்ளவற்றுக்கு உடனே பதில் எழுது. அந்தக் குறிப்பு எந்தத் தேதியில் சேர்ந்தது? அன்று முச்சந்தி நடுவில் நின்று மறுபடி ஓடியதா? பேக்கப் டேப் யார் கையில் இருக்கிறது? அவரைக் கண்டுபிடித்தவர்கள் கையில் ஏதாவது அச்சடித்த தாள் இருந்ததா, அதில் என்ன இருந்தது? அந்தத் தாள் கிடைத்தால் அப்படியே அனுப்பு.

நானூற்றுப் பன்னிரண்டு வரியையும் இன்று இரண்டு முறை படித்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதால் இல்லை என்றாகாது. நான் எழுதியதை நானே படித்தால் நான் எழுத நினைத்ததுதான் என் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், முடிந்த பிறகு சொல்லலாம் என்று. இங்கே ஒரு பயிற்சிக் கல்லூரி இதே மாதிரி ஒரு பலகை கேட்டது. எங்கள் கம்பெனி முச்சந்தியைக் கொடுப்பதாகப் பேச்சு. ஆறு ஊரில் அவர்களுக்குக் கிளை இருக்கிறது. மேனேஜரிடம் போய்க் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ரெங்கராஜ் எப்படி இருக்கிறார்? குழந்தைக்கு இறங்கிவிட்டது.

மீரான்


காட்டூர்
30.5.1988

மீரான்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பேப்பர் திருத்தப் போயிருந்தேன்.

நீ கேட்டவற்றில் பலவற்றுக்கு எனக்கு விவரம் தெரியவில்லை. மெஷின் நிற்கவில்லை என்றுதான் ஞாபகம். தாள் எல்லாம் ஆபீசில் இருக்கிறது, கேட்டால் தர மாட்டார்கள். நீ எதற்கு இவ்வளவு போட்டுக் குழப்பிக்கொள்கிறாய்? நடந்தது நடந்துவிட்டது. உன் கம்பெனி விஷயத்தை ஏன் நிறுத்தினாய்? அந்தக் கல்லூரி வேறு, இது வேறு. பேசாமல் கொடுத்துவிடு.

ரெங்கராஜைப் பார்க்கவில்லை. டியூஷன் எடுக்கிறார் என்று கேள்வி.

முச்சந்தி இப்போதும் ஓடுகிறது, ஆனால் ஒருவரும் எழுதுவதில்லை. போன வாரம் முழுக்க ஒரே ஒரு குறிப்பு. 'மின்விசிறி சரி செய்யப்பட்டதற்கு நன்றி.'

இருதயம்


பெங்களூர்
24.7.1988

இருதயம்,

முடிவாகிவிட்டது. மேனேஜரிடம் எழுதியே கொடுத்தேன். என் புரோகிராமில் எழுதுபவரின் பெயர் வெளியே போகும் ஓட்டை இருக்கிறது, எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, இதை எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று. அவர் நல்ல மனிதர். "தெரியாததை ஏன் எழுதிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். திருச்சியில் ஒருவருக்கு வேலை போயிருக்கிறது என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சிக் கல்லூரிக்கு வேறு ஆள் எழுதியது போகிறது, பெயர் விழுவது. என்னைச் சம்பளப் பட்டியல் போடும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீசுக்குப் போய் அந்த வரிகளைப் படிக்கிறேன். பதினேழு தடவை ஆகிவிட்டது. ஜஹானாரா கேட்டாள், "அதுல என்னதான் தேடுறீங்க?" என்று. நான் ஒரு மனிதனின் குடும்பத்தைக் கெடுத்த இடத்தைத் தேடுகிறேன் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இதோடு ஒரு ஒட்டிய கவர் வைத்திருக்கிறேன். ரெங்கராஜுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதம். எனக்கு அவர் விலாசம் தெரியாது. தபாலில் போடாதே. ஸ்ரீரங்கம் போய் நேரில் கையில் கொடு. நான் வந்திருக்க வேண்டும், லீவு இல்லை. என் சார்பில் ஒரு வார்த்தையும் சொல், என்னால் முடிந்தவரை அவருக்கு வேலை தேடுகிறேன் என்று.

மீரான்


காட்டூர்
15.9.1988

மீரான்,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

உன் புரோகிராமில் ஓட்டை இல்லை. ஓட்டை என் வாயில்.

நடந்ததைச் சொல்கிறேன். ரெங்கராஜின் குறிப்பு வந்த மறுநாள் வைஸ் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். "யார் எழுதினது?" என்றார். தெரியாது சார் என்றேன். "மெஷின் உங்க கையிலதானே இருக்கு, தெரியாதுன்னா எப்படி?" என்றார். நான் ஃபைல் முழுவதையும் அச்சடித்துக் கொண்டுபோய் மேசை மேல் விரித்தேன். பாருங்கள், எங்கேயும் பெயர் இல்லை, மணி இல்லை, டெர்மினல் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. எனக்குக் காபி வரவழைத்தார். "பெரிய ஆளுய்யா உங்க ஃப்ரெண்டு" என்றார்.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். நீ சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மீரான். ஒரு வைஸ் பிரின்சிபால் எனக்குக் காபி கொடுத்து என் வேலையை மெச்சுகிறார். எனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் காட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "மெஷினுக்குத் தெரியாது சார். தமிழ் தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சுடும். ஊர்ல எல்லாரும் ஸ்ரீரங்கம்னு இங்கிலீஷ்ல எழுதினா ரயில்வே ஸ்டேஷன் போர்டு மாதிரி ஆருக்கு அப்புறம் ஏ போடுவாங்க. அந்த ஊர்க்காரங்கள்ல சில பேர்தான் ஈ போட்டு ஸ்ரீரெங்கம்னு எழுதுவாங்க. இங்க பாருங்க, ஈ."

விரலை வேறு வைத்துக் காட்டினேன்.

அந்தக் குறிப்பின் முதல் வரி எனக்கு இப்போதும் பாடம். 'ஸ்ரீரெங்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வரும் பையனுக்கு மூன்று நாள் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. காரில் வந்து இறங்கும் பையனுக்குப் பதினெட்டு நாள் குறைந்தாலும் ரெஜிஸ்டர் தானாகத் திருந்திவிடும்.' அந்த ரெஜிஸ்டர் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டினுடையது. வைஸ் பிரின்சிபால் சிரிக்கவில்லை. மணியடித்து ஆபீசிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவரச் சொன்னார். ரெங்கராஜ் வேலைக்குப் போட்ட விண்ணப்பம். அதில் அவர் பெயரிலும் ஈ, ஊரிலும் ஈ. என் காபி பாதிகூடக் குடிக்கவில்லை.

ரெங்கராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. "ஆமா சார், நான்தான்" என்றாராம்.

ஸ்டாஃப் ரூமில் கேட்டபோது ஓட்டை என்று ஒரு வார்த்தை வாயில் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். உனக்கும் அதையே எழுதினேன். நீ ஒரு வரி படித்துவிட்டு, போடா, அப்படி எதுவும் இல்லை என்று எழுதிவிடுவாய், பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ நம்பிவிட்டாய். நீ நம்பியதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் இப்போது தாங்க முடியவில்லை.

உனக்கு எழுதுவதற்கு முன்பே, தவக்காலத்தில், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பின்னால் நின்ற ஒரு கிழவிக்கு இடம் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் ஒட்டிய கவர் ஏழு வாரமாக என் பீரோவில் இருக்கிறது. வேலை போனது அவருக்கு, போக வைத்தவன் நான், அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியவன் நீ. இதை எப்படி நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

நீ என்ன திட்டினாலும் சரி. பதில் மட்டும் எழுது.

இருதயநாதன்


பெங்களூர்
22.9.1988

இருதயநாதன்,

பதினேழு தடவை படித்தேன். பதினேழு தடவையும் அந்த வரிகள் சரியாக இருக்கிறோம் என்றன. நீ சரியில்லை என்றாய். நான் உன்னை நம்பினேன்.

நான்காவது வகுப்பிலிருந்து உன்னைத் தெரியும். நீ வாய்தவறிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதை மன்னிப்பதும் விடுவதும் ரெங்கராஜின் பாடு. ஆனால் மே மாதம் நான் என்னென்ன கேட்டு எழுதினேன் என்று எடுத்துப் பார். அதற்கு நீ எழுதிய பதிலையும் யோசித்துப் பார். மெஷின் நிற்கவில்லை என்றுதான் ஞாபகம் என்றாயே, அதை எழுதும்போது உன் கை எப்படி ஓடியது? அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் கவரைக் கிழித்துப் போடு. ஸ்ரீரங்கம் போ. அதன் பிறகு, என் புரோகிராமில் ஓட்டை என்று எத்தனை பேரிடம் சொன்னாயோ அத்தனை பேருக்கும் தெரியும்படி முச்சந்தியிலேயே எழுது. உன் பெயர் போட்டு எழுது. அதை முடிக்காமல் எனக்கு எழுதாதே.

மீரான்


காட்டூர்
16.10.1988

அன்புள்ள மீரான்,

முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். வடக்குச் சித்திரை வீதியில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். முன்கட்டில் பத்துப் பன்னிரண்டு பிளஸ் டூ பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்க சார், வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அதை வாங்கக் கை வரவில்லை. பிள்ளைகளை அனுப்பச் சொல்லிவிட்டு, உனக்கு எழுதியதையும் நீ செய்ததையும் அப்படியே சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப சகாயம் சொல்லலையா?" என்றார்.

சகாயநாதன் எங்கள் ஃபிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். ரெங்கராஜ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் எழுதப்போறேன்னு அவன்ட்ட மட்டும்தான் சார் சொன்னேன். மெஷின்ல ஓட்டைன்னு நீங்க சொன்னதா சொன்னாங்க, எனக்கு நம்பிக்கை வரல. மெஷின் தப்பு பண்ணாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? அப்ப அவன்தான் போட்டுக் குடுத்துட்டான்னு முடிவு பண்ணிட்டேன். அன்னைலேர்ந்து அவன் மூஞ்சில முழிக்கல. ஆகஸ்ட்ல அவங்க அப்பா இறந்துட்டாரு. அவன் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான் சார். நான் சாவுக்குப் போகல."

இதைச் சொல்லிவிட்டு அழுதார். வேலை போனதற்கு அழாத மனிதர். அவர் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்தது இரண்டு பேரோடு நின்றுவிட்டது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், மீரான். இரண்டாவது நீ என்பது தெரியும். மூன்றாவதாக ஒருவன் தன் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசலைப் பார்த்திருக்கிறான்.

"நீங்க போங்க சார். நான் இப்ப சகாயம் வீட்டுக்குப் போகணும்" என்று சட்டையை மாட்டினார். பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். உன்னைப் பற்றி மட்டும் ஒன்று கேட்டார். "அவரு எனக்காகவா அந்தப் புரோகிராம வேணாம்னுட்டாரு?" ஆமாம் என்றேன். "முகமே தெரியாத ஆளுக்காக" என்று தலையை ஆட்டிக்கொண்டார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மறுநாள் முச்சந்தியில் எழுதினேன். முழுவதும் எழுதினேன், காபி உள்பட. கடைசியில் இருதயநாதன், கணிதத் துறை என்று போட்டேன். மத்தியானத்துக்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தபோது எதற்கும் தயாராகத்தான் நுழைந்தேன். என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்கள். "எவனோ விஷமி சார், உங்க பேர்ல எழுதியிருக்கான். மனசுல வச்சுக்காதீங்க" என்றார் தமிழ்த்துறைக்காரர்.

நான் எழுதியது என்று யாரும் நம்பவில்லை. பெயர் கேட்காத பலகையில் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் கடைசியில் தட்டலாமே! நான் தேர்ந்தெடுத்த புரோகிராமில் நான் போட்ட கையெழுத்துக்கே மதிப்பு இல்லை. 'ஐயோ, அது நான்தான்' என்று ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டிய கை தோளில் இருந்தது, அது இதமாகவும் இருந்தது. இதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

மூன்று மணிக்கு வைஸ் பிரின்சிபால் கூப்பிட்டார். அச்சடித்த தாள் மேசை மேல் இருந்தது. மறுபடியும் காபி சொன்னார். "ரொம்ப வருத்தமா இருக்கு இருதயநாதன். உங்க பேரையும் கெடுத்து, நான் உங்கட்ட பேசுனதையும் வெளில விட்டுருக்கான். இவன விடக் கூடாது" என்று தாளை என் பக்கம் தள்ளினார். "எழுத்தப் பாத்தே ஆளச் சொல்றவராச்சே நீங்க. நல்லாப் பாருங்க. யாரு இது?"

"நான்தான் சார்" என்றேன்.

அவர் சிரித்தார். "விளையாடாதீங்க."

"நான்தான் சார் எழுதினேன்."

"யாராவது மிரட்டுறாங்களா?"

"இல்ல சார். நான்தான்."

மூன்றாவது தடவைதான் சிரிப்பு நின்றது. காபி வந்தது, அதை அவர் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். அவர் அறையிலிருந்து நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். நின்றபடியே, உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் வாயால் சொன்னேன். புரோகிராமில் ஓட்டை இல்லை, அதை எழுதியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை முதலில் சொன்னேன். சகாயநாதன் மூலையில் இருந்தான். நான் முடிப்பதற்குள் எழுந்து வெளியே போய்விட்டான். தோளைத் தட்டியவர்கள் ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர் ரூம் சாவி வேறு ஒருவரிடம். பெயர் விழும் புரோகிராமைப் போடப்போகிறார்களாம். நான் மறுபடி முழுநேரக் கணக்கு வாத்தியார். லூர்துராணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "மீரான் அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றுதான் கேட்டாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உன் கவரைக் கிழிக்கவில்லை. பிரிக்காமல் இதில் திருப்பி வைத்திருக்கிறேன். அதை என் கையால் கிழிப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை.

உன் மேனேஜருக்கு நான் எழுதிய கடிதமும் இதோடு இருக்கிறது, ஒட்டவில்லை. படித்துப் பார்த்துவிட்டு நீயே கொடு. எங்காவது நான் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருந்தால் அந்த இடத்தில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பு, மாற்றி எழுதித் தருகிறேன்.

இருதயம்